பூசை இரசத்தின் கணக்கேடுகள்

அடையாற்றங்கரைக்கு அருகே, சைதாப்பேட்டையை ஒட்டிய ஒரு கன்னியர் மடத்தின் பின்கட்டில் ஓடு வேய்ந்த இரண்டு அறைகள் இருக்கின்றன. கத்தோலிக்கரின் பூசையான திருப்பலிக்கு வேண்டிய திராட்சை இரசம் பல பத்தாண்டுகளாக அங்கேதான் பிழியப்பட்டு, புட்டிகளில் அடைக்கப்பட்டு, சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள பங்குக் கோயில்களுக்குப் போகிறது. மடத்தார் அந்த அறைகளை ‘இரசக் கூடம்’ என்பார்கள். 2023ஆம் ஆண்டில் அதற்குப் பவள விழா எடுக்கப் போவதாகவும், அதற்குள் கூடத்தின் வரலாற்றைச் சிறு நூலாக எழுதித் தர வேண்டும் என்றும் மடத்துத் தலைவி என்னிடம் கேட்டார். நான் வரலாறு படித்தவள் அல்ல. கணக்குத் தணிக்கையில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், அந்தப் பகுதியின் பங்குக் கோயிலைச் சேர்ந்தவள். அந்த நூலை முடிக்க எனக்குப் பதினான்கு மாதங்கள் ஆயின. நூல் வந்த பிறகு, தங்கள் பள்ளிக்கோ அச்சகத்துக்கோ குடும்பத் தொழிலுக்கோ இப்படி ஒன்று எழுத நினைக்கும் சிலர் என்னிடம் வழி கேட்டார்கள். அவர்களிடம் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். மடத்தின் பெயரை மட்டும் அவர்கள் கேட்டுக்கொண்டபடி தவிர்த்திருக்கிறேன்.

முதலில் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஒரு தொழிலின் விதி தெரியாதவருக்கு அதன் கணக்கேடு எதையும் சொல்லாது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின்படி பூசைக்குரிய இரசம் இயற்கையானதாக, திராட்சைப் பழத்திலிருந்து மட்டுமே வந்ததாக, கெட்டுப்போகாததாக இருக்க வேண்டும். 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பிலும் 1983ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் இந்த விதி மாறவில்லை. சர்க்கரை சேர்க்கக் கூடாது. இரசம் வலுக் குறைவாக இருந்தால் திராட்சையிலிருந்தே வடித்த சாராயத்தைச் சிறிதளவு சேர்க்கலாம். அப்போதும் ஆல்கஹால் 18 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 1896இல் உரோமையில் உள்ள திருச்சபைத் தலைமை வரையறுத்தது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை மணமும் நிறமும் நிறைந்தது. ஆனால் அதன் இனிப்புக்குப் பத்து சதவீதத்தை ஒட்டித்தான் ஆல்கஹால் கிடைக்கும். அந்த வலுவுள்ள இரசம் சென்னையின் வெப்பத்தில், திறந்த புட்டியில், சில நாட்களிலேயே காடியாக, அதாவது வினிகராக, மாறத் தொடங்கும். ஆகவே இந்தக் கூடத்தின் வரலாற்றைச் சர்க்கரையைத் தொடாமல் சென்னை வெயிலோடு போராடிய வரலாறு என்றே சொல்லலாம். ஆனால் இதை நான் உணரவே ஐந்து மாதங்கள் பிடித்தன.

அந்த ஐந்து மாதங்களையும் வீணாக்கியது நான் செய்த முதல் தவறு. மடத்தில் எல்லோரும் சொல்லும் ஒரு கதை உண்டு: 1948இல் மதுவிலக்கு வந்தது, கோயில்களுக்கு இரசம் கிடைக்காமல் போயிற்று, உடனே அப்போதைய மதர், அதாவது மடத்துத் தலைவி, இரண்டு ஜாடிகளோடு இந்தக் கூடத்தைத் தொடங்கினார். கேட்பதற்கு நிறைவான கதை. நான் ஒரே வாரத்தில் அதை முதல் அத்தியாயமாக எழுதிக் கொடுத்தேன்; எல்லோரும் பாராட்டினார்கள்; அழைப்பிதழின் வாசகம்கூட அதிலிருந்துதான் எடுக்கப்பட்டது. அலமாரியைத் திறந்து ஏடுகளைப் பார்த்தது அதற்குப் பிறகுதான். அலுவலகத்தில் எந்த இளம் ஊழியரையும் அப்படிச் செய்ய நான் விட்டதில்லை. வவுச்சரைப் பார்க்காமல் அறிக்கை எழுதக் கூடாது என்பதை முப்பத்தொரு ஆண்டுகள் பிறருக்குச் சொன்ன நான், நூல் எழுதுவது வேறு வகை வேலை என்று நினைத்துவிட்டேன்.

ஏடுகள் நல்ல நிலையில் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் பின்கட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தபோது அலமாரியின் கீழ்த்தட்டு முழுவதும் மூழ்கியிருக்கிறது. யாரோ நல்ல மனதோடு அவற்றை மொட்டை மாடி வெயிலில் விரித்துக் காயவைத்ததால் தாள்கள் அப்பளம்போல் நெளிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நனைந்த ஏட்டை வெயிலில் வைக்கக் கூடாது. நிழலில், மின்விசிறிக் காற்றில், சில தாள்களுக்கு ஒரு முறை அச்சில்லாத வெள்ளைத் தாளை இடையில் வைத்து, அதை அடிக்கடி மாற்றி மாற்றி உலர்த்த வேண்டும். ஒட்டிய பக்கங்களை ஈரத்தோடு பிரிக்க முயலக் கூடாது. ஒரு பக்கம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. இருப்பைச் சோதித்த அதிகாரி ஊதா நகல் பென்சிலில் போட்ட கையெழுத்துகள் தண்ணீரில் கரைந்து, பக்கம் முழுவதும் கத்திரிப்பூ நிறத்தில் படர்ந்திருந்தன. அதே பக்கத்தில் அருட்சகோதரி ஒருவர் நீலக்கருப்பு மையால் எழுதிய எண்கள் மட்டும் ஒரு கோடுகூடக் கலையாமல் நின்றன. ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்து முடித்த பிறகுதான் படிக்கத் தொடங்கினேன். அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

இவ்வளவு ஏடுகள் இருந்ததற்கே காரணம் மதுவிலக்குதான். இராஜாஜியின் அரசு 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948 அக்டோபர் 2 முதல் சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. வழிபாட்டுக்கான இரசத்துக்கு உரிமத்தோடு இடம் தரப்பட்டது. ஆனால் வாங்கிய பழம், பிழிந்த சாறு, அடைத்த புட்டி, அனுப்பிய கோயில், உடைந்த புட்டி என்று ஒவ்வொன்றுக்கும் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது, 1974இல் திரும்பியது, 1981இல் மறுபடி நீங்கியது. ஊரே தலைகீழாக மாறிய அந்த ஆண்டுகளில் இந்த ஸ்டாக் ரிஜிஸ்டர் மட்டும் ஒரு வாரம்கூட இடைவிடாமல் ஓடுகிறது. நல்ல எண்ணத்தில் எழுதும் நாட்குறிப்பு நான்கு மாதத்தில் நின்றுவிடும். அதிகாரி வந்து பார்ப்பார் என்று எழுதும் ஏடு நாற்பது ஆண்டுகள் நிற்கும். உங்கள் நிறுவனத்தின் வரலாற்றைத் தேடுகிறீர்கள் என்றால், நிறுவனர் எழுதிய கடிதங்களுக்கு முன்னால் அரசு கட்டாயப்படுத்தி எழுதவைத்த ஏடுகளைத் தேடுங்கள். சட்ட மாற்றங்களின் தேதிகளை நினைவிலிருந்து எழுதாமல், எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அரசாணைகளைப் பார்த்துச் சரிசெய்துகொண்டேன். அங்கே போகும்போது துறையின் பெயரும் ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதும் கையில் இருக்க வேண்டும். ‘மதுவிலக்கு பற்றி ஏதாவது’ என்று கேட்டு நின்றால் நாள் முழுவதும் போய்விடும்.

தொடக்கக் கதை உடைந்தது அளவைகளைப் பிரித்தபோதுதான். பழைய ஏடுகளில் பணம் ரூபாய், அணா, பைசாவில் இருக்கும். 1957 ஏப்ரலுக்குப் பிறகு நயா பைசா. பழம் வீசையிலும் மணங்கிலும், இரசம் கேலனிலும் இருக்கும். ஒரு வீசை ஏறத்தாழ 1.4 கிலோ, எட்டு வீசை ஒரு மணங்கு, கேலன் 4.5 லிட்டருக்குச் சற்று மேல். எல்லாவற்றையும் ஒரே அளவைக்கு மாற்றி வரிசைப்படுத்தியபோது, 1948க்குப் பிந்தைய பல ஆண்டுகளில் கேலன் பத்தி நிறைந்திருக்க, பழத்துக்கான பத்தி காலியாகவே இருந்தது. அதாவது மடம் அப்போது எதையும் பிழியவில்லை. கப்பலில் வந்த ஐரோப்பிய இரசத்தைப் பீப்பாயோடு வாங்கி, புட்டியில் நிரப்பிக் கோயில்களுக்குக் கொடுத்திருக்கிறது. அந்நியச் செலாவணி நெருக்கடியால் 1957இலிருந்து இறக்குமதி இறுகியதற்குப் பிறகே பழம் என்ற சொல் ஏட்டில் முதன்முதலாக வருகிறது: ‘மதுரை ஜில்லா திராட்சை, 40 வீசை’. கம்பம் இன்று இருக்கும் தேனி, அன்று தனி மாவட்டம் அல்ல.

இதை மதரிடம் சொல்ல எனக்கு மூன்று நாள் தயக்கம். அச்சடித்த அழைப்பிதழ் மேசைமேல் இருந்தது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்போ பவள விழா பொய்யாம்மா?” என்றார். பொய் இல்லை என்று விளக்கினேன்: கோயில்களுக்கு இரசம் வழங்கும் பொறுப்பை மடம் ஏற்று எழுபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன, பிழியத் தொடங்கியது அதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து. அழைப்பிதழில் ‘இரசக் கூடம் தொடங்கி’ என்பதை ‘இரசப் பணி தொடங்கி’ என்று மாற்றி மறுபடி அச்சடித்தோம். அந்தச் செலவை நான் ஏற்றேன், ஏனெனில் படிக்காமல் எழுதியது நான்.

பழம் வந்த வழியை ஏட்டிலிருந்தே ஊர் வரைபடம்போல் வரைந்துவிடலாம். நெடுங்காலம் பழைய சந்தையான கொத்தவால்சாவடி, அங்கிருந்து கைவண்டியில் ஏற்றிவந்த கூலி தனியாக எழுதப்பட்டிருக்கும். பன்னீர் கிடைக்காத வாரங்களில் ‘பெங்களூர் நீலம்’. 1996இல் சந்தை கோயம்பேட்டுக்கு மாறியதும் கைவண்டிக் கூலி மறைந்து வேன் வாடகை வருகிறது. 2020இல் பெருந்தொற்றின்போது பழச் சந்தையை மாதவரத்துக்கு மாற்றியதும் ஏட்டில் பதிவாகியிருக்கிறது. அந்த ஆண்டு கோயில்கள் மூடிக் கிடந்ததால் புட்டிகள் பெரும்பாலும் கூடத்திலேயே தங்கிவிட்டன. கம்பத்தில் கொடிகளை வெட்டிவிடும் கவாத்தை மாற்றி மாற்றிச் செய்து ஆண்டு முழுவதும் பழம் எடுக்கிறார்கள் என்பதால், சகோதரிகள் வெயில் தணிந்த மார்கழியையும் தை மாதத்தையும் பிழியத் தேர்ந்தெடுக்க முடிந்தது. மகாராஷ்டிரத்து ஆலைகளுக்கு அந்த வசதி இல்லை, அங்கே ஆண்டுக்கு ஒரே அறுவடை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது மடத்தில் அதைத் தங்கள் வீட்டு விசேஷம்போல் பேசிக்கொண்டார்கள்.

எண்கள் உண்மையைச் சொல்லும், ஆனால் காரணத்தைச் சொல்லாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1965ஐ ஒட்டிய ஆண்டுகளில் கோயில்களுக்குப் போன புட்டிகள் திடீரெனக் குறைகின்றன. இரசத்தின் தரம் கெட்டிருக்கும், அல்லது வேறு யாரோ போட்டிக்கு வந்திருப்பார்கள் என்று ஊகித்து ஒரு பக்கமே எழுதிவிட்டேன். வயதான குரு ஒருவரிடம் காட்டியபோது அவர் சிரித்துக்கொண்டே, “கூட்டுத் திருப்பலி வந்த வருஷம்மா அது” என்றார். அதுவரை குருக்கள் ஒவ்வொருவரும் நாள்தோறும் தனித்தனியாகப் பூசை வைப்பார்கள். குருக்களாகப் போகிறவர்கள் பயிலும் குருமடத்தில் இருபது குருக்கள் இருந்தால் இருபது பூசை, இருபது கிண்ணம். திருச்சபையின் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தை ஒட்டி, 1965இல் பல குருக்கள் ஒரே பீடத்தில் சேர்ந்து பூசை நிறைவேற்றும் முறைக்கு வழி திறந்தது. அதிகம் குறைந்தவை எவை என்று திரும்பிப் பார்த்தேன். குருமடமும் பெரிய துறவற இல்லங்களும்தான், ஊர்க் கோயில்கள் அல்ல. உங்கள் ஏட்டில் ஒரு வீழ்ச்சியைக் கண்டால், தொழிலுக்குள் காரணம் தேடுவதற்கு முன் அந்தப் பொருளைப் பயன்படுத்தியவர்களின் வாழ்க்கையில் அந்த ஆண்டு என்ன மாறியது என்று கேளுங்கள்.

ஏடுகள் சொல்லாமல் விட்டதில் பெரியது, வேலை செய்தவர்களின் பெயர். ‘கூலி ஆள் 3’ என்று மட்டுமே எங்கும் இருக்கிறது. அவர்களின் பெயர்கள் எனக்குக் கிடைத்தது நான் எதிர்பாராத ஓர் ஏட்டில்: கிறிஸ்துமஸுக்குப் புடவை கொடுத்தவர்களின் பட்டியல். அதில் இன்னும் உயிரோடு இருப்பவர் ஒருவரே. எண்பதைத் தாண்டிய அந்த ஆயா மடத்துக்குப் பின் தெருவில் பேரன் வீட்டில் இருக்கிறார். முதல் நாள் நான் ஏட்டை விரித்து வைத்துக்கொண்டு, எந்த ஆண்டு வேலைக்கு வந்தீர்கள், எந்த ஆண்டு ஜாடி மாற்றினார்கள் என்று கேட்டேன். “வருசம் கேட்டா நான் எங்க போவேன் கண்ணு?” என்று சொல்லி வெற்றிலைப் பையை எடுத்துக்கொண்டார். மறுமுறை போகும்போது ஏட்டை எடுத்துச் செல்லவில்லை. கூடத்தின் மூலையில் கிடந்த பலாமரத் துடுப்பை எடுத்துச் சென்றேன். அதைக் கையில் வாங்கியதும் அவர் உட்கார்ந்த இடத்திலேயே முதுகை நிமிர்த்தி, இல்லாத ஜாடிக்குள் அமுக்கிக் காட்டினார்.

“தோலு மேல ஏறிக்கும். காலைல ஒரு தபா, சாயங்காலம் ஒரு தபா உள்ள அமுக்கணும். காஞ்சிபோச்சின்னா காடியாப் பூடும். எங்கம்மா காது வச்சிக் கேக்கும். பொட்டுப் பொட்டுனு சத்தம் வர்ற வரைக்கும் துணிய அவுக்காதன்னும்.”

நூலில் நொதித்தல் பற்றிய அத்தியாயத்தை இந்த நான்கு வரிகளைச் சுற்றித்தான் எழுதினேன். மேலே மிதக்கும் தோல் காற்றுப்பட்டால் காடிக் கிருமி அங்கேதான் முதலில் பிடிக்கும் என்று அறிவியல் நூல்களும் சொல்கின்றன. அவர் தாய் அதைக் காதால் அறிந்திருந்தார். ஆண்டுகளையும் பிறகு பெற்றுவிட்டேன், ‘எம்.ஜி.ஆர். செத்ததுக்கு முன்னயா பின்னயா’, ‘மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போறதுக்கு முன்னயா’ என்று கேட்டு. அவர் சொன்ன வரிசை ஏட்டோடு இரண்டு இடங்களில் தவிர முழுவதும் பொருந்தியது. முதியவர்களிடம் போகிறவர்கள் கேள்விப் பட்டியலைவிட அவர்கள் கை அறிந்த ஒரு பொருளை எடுத்துச் செல்வது நல்லது. கைப்பேசிப் பதிவை மட்டும் நம்பாமல், அன்றிரவே எழுதியும் வைத்துவிட வேண்டும். முதல் பதிவு ஒன்றில் எனக்குக் கிடைத்தது மின்விசிறிச் சத்தம் மட்டுமே.

இனி, என்னைப் பல இரவுகள் தூங்கவிடாமல் வைத்த அந்தப் பக்கம். வீசைக் கணக்கு வழங்கிய காலத்தின் கடைசி ஆண்டுகளில் ஒன்று. வழக்கமாக 100 வீசைப் பழத்துக்கு 20 கேலன் இரசம் வரும். எடையில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு, நம்பத்தக்க அளவு. அந்த ஒரு தடவை மட்டும் 26 கேலன். அதே மாதச் செலவு ஏட்டில் ‘சீனி’ என்று ஒரு வரி. தணிக்கைக்காரர் எவரும் இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரே முடிவுக்குத்தான் வருவார்: சர்க்கரைத் தண்ணீர் கலந்திருக்கிறது. பூசை இரசத்தில் அது சிறிய குற்றம் அல்ல. அந்த இரசத்தால் நிறைவேற்றிய பூசையே கேள்விக்குள்ளாகும். ஏட்டை மூடி வைத்துவிட்டு, இந்த வேலையை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

மூன்று வாரங்கள் கழித்து, புட்டி ஏட்டின் ஓரத்தில் இருந்த ‘குறிப்பு’ என்ற குறுகிய பத்தியில் பதில் கிடைத்தது. அனுபவமுள்ள சகோதரி மாற்றலாகிப் போயிருக்கிறார்; புதிதாக வந்தவரிடம் மழையில் பறித்த புளிப்புப் பழம் வந்து சேர்ந்திருக்கிறது; அவர் சீனிப்பாகு ஊற்றியிருக்கிறார். பிறகு தாமே உணர்ந்து எழுதியிருக்கிறார்: ‘சீனி சேர்த்தேன். என் தவறு. இவை பூசைக்கு ஆகா.’ அதன்கீழ் அந்தத் தொகுதியின் புட்டி எண்கள் அத்தனையும் ஒவ்வொன்றாக எழுதப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘காடி’ என்று இருக்கிறது. ஒரு புட்டிகூடக் கோயிலுக்குப் போகவில்லை; அந்த ஆண்டு மடத்துச் சமையற்கட்டில் ஊறுகாய்க்குக் குறைவிருந்திருக்காது.

மதருக்கு இது நூலில் வர வேண்டாம் என்று தோன்றியது. மறைக்கும் எண்ணத்தில் அவர் அப்படிச் சொல்லவில்லை. இறந்துபோன ஒரு சகோதரியின் தவறை அச்சில் ஏற்றுவது முறையா என்று வருந்தினார். என் எண்ணம் நேர் எதிரானது. பல பத்தாண்டுகளின் ஏட்டை நான் நம்புவதற்கு அந்த ஒரு பத்திதான் காரணம். தன்மீதே குற்றம் எழுதத் தயங்காதவர் மற்ற எண்களைப் பொய்யாக எழுதியிருக்க மாட்டார். ஒரு மாதம் பேசினோம். கடைசியில் பெயரை விட்டுவிட்டு, அந்தப் பக்கத்தின் படத்தை அப்படியே அச்சிட ஒப்புக்கொண்டார். இந்த ஒரு மாத வருத்தத்தை முன்பே தவிர்த்திருக்கலாம்: தவறுகள் வெளிப்பட்டால் என்ன செய்வது, யார் இறுதியாக முடிவு செய்வது என்பதை வேலை தொடங்கும் நாளிலேயே பேசி, ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள்.

நூலைப் படித்த பலர் வீட்டில் இரசம் போடும் செய்முறையைக் கேட்கிறார்கள். உரிமம் இல்லாமல் அதைச் செய்வது தமிழ்நாட்டில் சட்டப்படி குற்றம். அதனால் அளவுகளை நூலில் கொடுக்கவில்லை, இங்கும் கொடுக்கவில்லை.

பழைய ஏடுகள் இப்போது அமிலமற்ற அட்டைப் பெட்டிகளில், அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. படங்களின் ஒரு பிரதி மடத்துக்கு வெளியேயும் இருக்கிறது. அச்சிட்ட படிவ ஏடு வந்தபோது ‘குறிப்பு’ என்ற பத்தி காணாமல் போயிருந்ததால், தற்போது கூடத்தைக் கவனிக்கும் இளம் சகோதரியிடம் ஓரத்தில் ஒரு கோடு இழுத்து அதை மறுபடி சேர்க்கச் சொன்னேன். சென்ற தை மாதம் போனபோது ஏட்டைக் காட்டினார். முதல் வரி: ‘இரவு மின்சாரம் இல்லை. விசிறி நின்றது. மூன்றாவது ஜாடி சூடாக இருந்தது, ஈரச் சாக்கு சுற்றினேன். காலையில் சத்தம் வந்தது.’